தூசிக்குக் கால்கள் இல்லை

சூப்பர் மார்க்கெட்டின் அரைவிலைத் தட்டில்
தலை தொங்கிக் கிடந்தது அது.
ஆப்பிரிக்கன் வயலட். ஒரே ஒரு ஊதாப்பூ,
அதுவும் ஓரம் கருகி.
நாற்பது ரேண்ட் என்றிருந்ததை அடித்து இருபது,
அதையும் யாரோ சிவப்பு மையில் அடித்து எட்டு.
எட்டு ரேண்டுக்கு டோங்காட்டில்
இரண்டு சமோசா வராது.

வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்த்தி
பெல்ட் மாட்டிக் கொண்டு வந்தேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒன்பது.
கிழக்குச் சன்னலில்
ஐஸ்கிரீம் டப்பாக்களின் மேல் ஏறி,
கிழிந்த நைலான் காலுறையில் திரித்த திரி
அடியிலிருந்து நீர் ஏற்ற,
வெல்வெட் இலைகளை விரித்து
தோளோடு தோள் ஒட்டி இருந்தன.

"புதுசை ஆறு வாரம் தனியா வை, டேவலிங்கம்"
என்றாள் மேல்மாடிப் பரிமளம்,
ஆஸ்பத்திரி லேபில் வேலை.

தனியாக.
அந்தச் சொல் எனக்கு ஆகாது.
தனிப் பெஞ்சு, தனிக் கடற்கரை,
தபாலாபீசில் ஸ்டாம்ப் வாங்கத் தனி வாசல்.
எழுத்துக் கூட்டி நான் முதலில் வாசித்ததே
அந்தப் பலகைகளைத்தான்.
செடிக்குமா இனி?
நடுவில் இடம் பண்ணி உட்கார வைத்தேன்.

மூன்று வாரம் ஒன்றுமில்லை.
நாலாவதில், கரண்ட் போன ஒரு ராத்திரி,
டார்ச்சடித்துப் பார்க்க
இலைக்காம்பின் அக்குளில் துளிப் பஞ்சு.
தூசி என்றேன்.
தூசி நகர்ந்தது.

மாவுப்பூச்சி.
சன்னல் இடுக்கிலிருந்து எறும்புகள் வந்து
மாட்டை ஓட்டுவதுபோல் அவற்றைச்
சட்டி சட்டியாக மேய்த்துக்கொண்டிருந்தன.

நசுங்கிய கார்களை நிமிர்த்துகிறவன் நான்.
சுத்தியல் பிடித்தே தடித்த விரல்களால்
காதுகுடையும் பஞ்சுக்குச்சியை
ஸ்பிரிட்டில் தோய்த்து
ஒவ்வொரு காம்பாக,
குழந்தையின் கழுத்து மடிப்பைத் துடைப்பதுபோல்.
தொட்டதும் வெள்ளை கரைந்து
உள்ளே இளஞ்சிவப்பாய் ஓர் உயிர் தெரியும்.
முதல் நாள் மன்னிப்புக் கேட்டேன்.
மூன்றாம் நாள் எண்ணினேன்.
பத்தாம் நாள் ஆத்திரத்தில்
குழாயைத் திறந்து தலையோடு குளிப்பாட்டிவிட்டேன்,
அதுதான் தப்பு.
குருத்தில் தேங்கிய நீர் இரண்டை அழுக வைத்தது.
தொட்டால் கையோடு வந்தது நடு.
மற்ற மூன்றை மண்ணோடு கவிழ்த்துப் பார்த்தால்
வேரெல்லாம் மாவு.

ஐந்து போயிற்று.
கறுப்புப் பையில் போட்டு முடிச்சு இறுக்கி
திங்கட்கிழமைக் குப்பைவண்டிக்கு வைத்தேன்.
பரிமளம் மாடிப்படியில் பார்த்தாள்.
நல்லவேளை, ஒன்றும் சொல்லவில்லை.

கொண்டுவந்த அந்த எட்டு ரேண்டுக்காரிக்கு
ஒன்றும் ஆகவில்லை!
புது மண், புதுச் சட்டி,
கழிவறைத் தொட்டியின் மூடிமேல் வைத்தேன், தனியாக.
அங்கேயிருந்து மொட்டுவிட்டாள், கூச்சமில்லாமல்,
பதினொன்று.
பல் துலக்கும்போதெல்லாம் நான் அவளுக்கு
சுவரில் மாட்டிய காலண்டரைக் காட்டுகிறேன்.
பார், வட்டம் போட்டிருக்கிறேன்,
பதினெட்டாம் தேதி நீ வெளியே.
அந்தப் பலகைகளில்
தேதி இருந்ததில்லை.
இதைச் சொன்னால் என் மனம் ஆறுகிறதா என்றால்,
பாதி.

கறுப்புப் பையைக் கட்டுமுன்
ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இலை எடுத்து வைத்திருந்தேன்,
காம்பைச் சாய்த்து வெட்டி
தயிர்க் கப்பில் நட்டு, மேலே பிளாஸ்டிக் மூடி.
இரண்டு கறுத்தன.
மூன்றின் அடியில் நேற்று
எலிக்காது அளவில் பச்சை.

குனிந்தேன்.
அதன் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி.

மூச்சை அடக்கி
கண்ணாடியைத் துடைத்து, மறுபடி போட்டு,
டார்ச்சைப் பல்லில் கடித்து
வெகுநேரம் பார்த்தேன்.
நகரவில்லை.
நகத்தால் நெருடினேன், பொடிந்தது.

காலையில் ஒரு டொயோட்டாவின் கதவுக்கு
நான் பூசித் தேய்த்த புட்டி.
என் நகத்திலிருந்து விழுந்தது.

இருந்தாலும்
எழுந்துபோய் கைகழுவிவிட்டு வந்து
இன்னொரு தடவை பார்த்தேன்.